பூசணிக்காய் உடைக்காத வீடு

இப்போதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு எவனும் திரும்புவதில்லை. ஆசைத்தம்பிக்கு இதைப் போல எரிச்சல் தருவது வேறொன்றும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனிடம் மணி கேட்டால், காதில் எதையோ சொருகிக்கொண்டு, போனைத் தடவிக்கொண்டு, பிணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். கறிக்கடைக்காரன் தராசைப் பார்ப்பதில்லை. பிள்ளையார்பட்டிக்கு நடந்தே வருகிறவனுக்குக்கூடப் பாதை கண்ணில் படுவதில்லை. அன்றைக்கும் கொத்தமங்கலம் தெருவில் ஒரு கட்டுக் கீரையும் அரைக்கிலோ கத்தரிக்காயுமாக இதையே முனகிக்கொண்டு வந்தவர், பெரிய வீட்டின் பின்கதவைத் தள்ளி, "காளி" என்றார்.



"ஏ காளி!"

உள்ளே கேஸ் வாசம் அடித்தது. உலை பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. அடுப்பு மட்டும் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. பகல் பதினோரு மணி. சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு நகர்கிற பழக்கம் அவர் பெண்டாட்டிக்கு நாற்பத்தாறு வருசத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அடுப்பைத் திருகி மூடிவிட்டு, ஒவ்வோர் அறையாகத் தேடிக்கொண்டு போனார். நெல் அறையில், ஆளுயரக் குதிருக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பூனை நுழையத் தயங்கும் இடுக்கில், காளியம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"என்னடி பண்றே இங்க?"

"சத்தம் போடாதீக. இப்பத்தான் மாடியில இருந்து எறங்குறாக."

"யாரு?"

"தெரியலையே. மொகத்தைக் காங்கலை."

"கேஸைத் தொறந்து போட்டுட்டு ஒளிஞ்சு வெளையாடுறியோ? பேரன் பேத்தி எடுத்தவ மாதிரியா இருக்கே? எந்திரிச்சு வாடி."

அவள் எழுந்து வந்தாள். நெல் அறை வாசலைத் தாண்டுகையில் மட்டும், யாரோ எதிரில் வருவதற்கு வழி விடுவது போலச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டு, பிறகு வந்தாள்.

அந்த வீடு அவர்களுடையதில்லை. முத்தப்பன் செட்டியார் குடும்பத்து வீடு. பதினேழு பங்கு. பங்குக்காரர்கள் எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பத்தொன்பது வருசமாக அந்த அறுபது கதவுக்கும் ஆசைத்தம்பிதான் காவல். அவரும் காளியம்மாளும் பின்கட்டில் இரண்டு அறையில் இருந்தார்கள். சினிமாக்காரர்கள் அங்கே வருவதும் போவதும் புதிதில்லை. பத்து நாள் கூத்தடிப்பார்கள். கடைசி நாள் வாசலில் சூடம் கொளுத்திப் பூசணிக்காயைப் போட்டு உடைப்பார்கள். உடைத்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ராஜா வேஷம் போட்டவன் கைலிக்கு மாறுவான். கூடத்தில் எரிந்த விளக்கை எல்லாம் பிடுங்கி லாரியில் ஏற்றுவார்கள். மறுநாள் வீடு பழைய வீடாக இருக்கும்.

மாசி மாதம் வந்தவர்களையும் அவர் அப்படித்தான் நினைத்தார். பெரியவர்கள் எல்லாம் போனிலேயே கலந்து பேசிச் சம்மதம் சொல்லிவிட்டதாகப் பங்குக்காரர்களில் சின்னவர் கார்த்திகேய சிவம் தகவல் அனுப்பியிருந்தார். பெங்களூர்க் கம்பெனி. தலைவன் நாராயண் என்கிற மெலிந்த பையன், சத்தமாகக்கூடப் பேசமாட்டான். "இது படம் இல்லைங்கய்யா, போன்ல விளையாடுற கேம். இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆயா ஒளிஞ்சிருப்பாங்க. தேடிப் பிடிக்கணும். அவ்வளவுதான்" என்றான். வீட்டில் ஒளிய இடம் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டான். ஆசைத்தம்பி பெருமையாகக் கூட்டிப்போய் ஏழு இடம் காட்டினார். குதிருக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், பாய்ச்சுருளுக்குள், பரண் மேல் என்று ஏழு. ஆயா வேஷத்துக்கு ஆள் தேடினார்கள். ஆசைத்தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"எம் மொகத்தை எதுக்குங்க எடுக்குறாக? போயிருச்சுன்னா?"

"போறதுக்கு என்னடி இருக்கு உம் மொகத்துல? போய் நில்லு."

உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டிய இறுக்கமான கறுப்புச் சட்டையை மாட்டி, ஏழு இடத்திலும் அவளைக் குந்த வைத்தார்கள், ஓட வைத்தார்கள். பிடிபடும்போது அவள் போட்ட சத்தம் மட்டும் நாராயணுக்குப் பிடிக்கவில்லை. "ஆயா நடிக்கிறாங்க. நெசமா பயந்தாத்தான் நல்லா வரும்" என்றான். ஆசைத்தம்பி கண்ணைக் காட்டினார். அவள் மாடிப்படிக்கு அடியில் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் பதுங்கிப் போய், இரண்டு கையாலும் கழுத்தை எட்டிப் பிடித்தார். ஹக்கென்று ஒரு சத்தம். மனுசச் சத்தம் மாதிரியே இல்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே போட்டிருந்த உடுப்பு நனைந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நாராயண் கைதட்டி, இதுதான் வேண்டும் என்றான். அவரும் சிரித்தார்.

கண்ணாடிப் பலகை ஒன்றை நீட்டினார்கள். விரலால் அதில் கையெழுத்துப் போட்டார். நல்ல போன் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் போட்டால் அதன் கேமராக் கண் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். பதினோராம் நாள் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்கள். காளியம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "பூசணிக்காய் ஒடைக்காமப் போயிட்டாக."

அப்போது அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆவணி பிறந்ததும், அவள் குதிருக்குப் பின்னால் ஒளிந்த அந்த நாளில்தான் தொடங்கியது. முதலில் நாளைக்கு ஒரு தரம். பிறகு சாப்பிடுகிறபோது, குளிக்கிறபோது, தலைக்கு எண்ணெய் வைக்கிறபோது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்திக் காதைத் தீட்டுவாள். எழுந்து ஓடுவாள். அறுபத்தெட்டு வயதில் முட்டி தேய்ந்து தரையில் உட்காரவே யோசிக்கிறவள், அந்த நேரத்தில் மட்டும் பதினைந்து வயதுப் பெண் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு மூலையில் அந்த ஹக். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து விட்ட இடத்திலிருந்து கீரையை ஆய்வாள்.

"ஒரு பூசணிக்காய் வாங்கியாந்து வாசல்ல ஒடைச்சிருங்களேன். முடிஞ்சுபோகும்."

"சினிமாக்காரன் ஒடைப்பான், அவன் படம் முடிஞ்சுதுன்னு. நீ என்ன படம் எடுத்தே? புத்தி கெட்டுப்போச்சு ஒனக்கு."

காரைக்குடி டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையைப் போட்டால் தூக்கத்திலேயே எழுந்து ஓடினாள்.

ஆசைத்தம்பிக்கும் சில சத்தங்கள் கேட்கத்தான் செய்தன. வௌவால், எலி, பழைய மரம் வெயிலில் விரிகிற சத்தம் என்று அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். பெயர் வைக்க முடியாதது ஒன்றுதான். வளவு என்கிற முற்றத்துக் கட்டைச் சுற்றி ஓடும் நடைபாதையில், மத்தியானத்து வெயில் வானத்திலிருந்து கிணற்றுக்குள் விழுவது போல நடுமுற்றத்தில் விழுந்து கிடக்கும் வேளையில், ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்கால் ஒட்டி ஒட்டி எடுபடும் சத்தம் வரும். மனுசன் நடப்பது மாதிரி இருக்காது. படியேறும்போதும் வேகம் குறையாது. சுவரில் போய் முட்டும். முட்டிய பிறகும் அங்கேயே நடந்துகொண்டிருக்கும். பிறகு திரும்பும். சிலநேரம் ஒரு காரணமும் இல்லாமல் நின்ற இடத்திலேயே தொப்புத் தொப்பென்று குதிக்கும். அது போன பின்னால், வெகுநேரம் சார்ஜில் கிடந்த போன் வாசம் அந்த இடத்தில் நிற்கும்.

எலிதான் என்றார் ஆசைத்தம்பி.

புரட்டாசியில் ஒருநாள் டீக்கடை அழகுசுந்தரம், நாற்பது வயதுத் தடியன், கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "யண்ணே, நேத்துக் காளியக்காவை நாலு வாட்டி புடிச்சுட்டேன்."

"வாயைக் கிழிச்சிருவேன்."

"கோவிக்காதீகண்ணே, கேம்ல. கடைசி வாட்டி பாய்ச்சுருளுக்குள்ள இருந்தாக. கால் வெரலு மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு. விடுவேனா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் காளியம்மாளின் தலையெல்லாம் கோரைப்பாய்த் தூசியாக இருந்தது ஆசைத்தம்பிக்கு ஞாபகம் வந்தது. அதை அவர் உடனே தள்ளிவிட்டார்.

அழகுசுந்தரம் போனை நீட்டினான். அதற்குள் அந்த வீடு இருந்தது. தூண், நிலைப்படி, உடைந்த கண்ணாடி, போன வருசம் அவரே பூசிய சிமெண்டுத் திட்டு. வீட்டுக்காரர்கள்கூட மறந்துபோன மூலைமுடுக்கெல்லாம் டீக்கடைக்காரன் கட்டைவிரலுக்குக் கீழே ஓடின. மாடிப்படிக்கு அடியில் காளியம்மாள் குந்தியிருந்தாள். வாயைப் பொத்தியிருந்தாள். இந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது. வலது கை. ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

ஆசைத்தம்பி தன் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பாதி விரல் போனது தச்சு வேலை பார்த்த காலத்தில், மரம் அறுக்கிற வாள் கொண்டுபோனது. அந்தக் கையை அவர்கள் எப்போது எடுத்தார்கள்?

ஹக் என்றது போன்.

"எத்தனை பேருடா வெளையாடுறானுக?"

"இப்ப எம்பதாயிரம்னு காட்டுது. இப்பன்னா, இந்த நிமிசத்துல."

"புடிச்சா என்ன குடுப்பான்?"

"என்னத்தக் குடுப்பான்? மறுபடி ஒளிஞ்சுக்குவாக. மறுபடி புடிக்கணும்."

"பொம்மை புடிக்கிற வயசாடா இது ஒனக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நடந்தார். டீ அப்படியே இருந்தது.

ஊருணிக் கரையில் நின்று நாராயணுக்குப் போன் போட்டார். பயந்துபோய்ப் போடவில்லை, எரிச்சலில் போடுகிறோம் என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

"ஐயா! ஆயா எப்படி இருக்காங்க? அவங்கதான் எங்க ஸ்டார்."

"அந்த ஆட்டத்தை எப்ப முடிக்கப்போறீக?"

"முடிக்கிறதா?"

"ஆமா. பூசணிக்காய் நானே வாங்கி ஒடைக்கிறேன். நீங்க அங்கிட்டு இருந்து முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

நாராயண் மரியாதையாகத்தான் சிரித்தான். "இது முடியுற வேலை இல்லைங்கய்யா. ஓடிட்டே இருக்கும். நீங்க கையெழுத்துப் போட்டதுல என்றென்றைக்கும்னு இருக்கு."

"செத்த பெறகுமா?"

"ஆமாங்கய்யா."

"அதை நீ வாசிச்சுக் காட்டலையே."

"யாரும் வாசிக்கிறதில்லைங்கய்யா. நானே வாசிச்சதில்லை."

"எங் கையை எதுக்குடா எடுத்தே?"

"நாங்களா கேட்டோம்? நீங்களாத்தானே போய்ப் பிடிச்சீங்க." குரலைத் தாழ்த்தினான். "ஒரு உதவிங்கய்யா. அந்த ஏழு இடமும் எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு. போரடிக்குதுன்னு எழுதுறாங்க. எட்டாவதா ஒரு இடம் இருந்தாச் சொல்லுங்களேன்."

ஆசைத்தம்பி போனைப் பையில் போட்டார். கம்பெனிக்காரன் எல்லாம் களவாணிப் பயல்கள். முகத்தைத் திருடினான், கையைத் திருடினான், வீட்டைத் திருடினான், சரி. அதற்காகப் போனுக்குள் இருக்கிறவளைப் பிடித்தால் இங்கே இருக்கிறவளுக்கு வலிக்கும் என்பதை எவன் நம்புவான்? அவளுக்குப் பைத்தியம். பைத்தியத்துக்கு வைத்தியம் உண்டு. நாலு அறை விட்டால் தீர்கிற பைத்தியமும் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை இருக்கும். உச்சி வெயில். உள்ளே மட்டும் இருட்டு.

குதிருக்குப் பின்னால் அவள் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இல்லை. பாய்ச்சுருளில், பரணில், ஏழு இடத்திலும் இல்லை. அவர் இரண்டாங்கட்டில் வந்து நின்றார். அங்கே கல்யாணச் சோறு ஆக்குகிற பித்தளை அண்டா ஒன்று, ஐந்நூறு பேருக்கு வடிக்கிறது, பல வருசமாகக் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கும். யார் கண்ணிலும் படுகிற இடம். அதனாலேயே யாரும் பார்க்காத இடம். அதன் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கொட்டாங்கச்சி முட்டுக் கொடுத்திருந்தது. அந்த இடுக்கில் இரண்டு விரல் தெரிந்தது. காளியம்மாளின் விரல். உள்ளே மூச்சு பித்தளையில் பட்டு மெல்ல ரீங்கரித்தது.

அவர் வாயைத் திறக்கும் முன்னால் முகப்புப் பக்கம் ஒரு நாதாங்கி கழன்றது.

பிறகு கால் சத்தம். ஒட்டி, எடுபட்டு, ஒட்டி, எடுபட்டு. நெல் அறைக் கதவு திறந்தது. குதிருக்குப் பின்னால் போனது. வெளியே வந்தது. மாடிப்படி. நின்றது. பாய் அறை. பரண் ஏணி கிரீச்சிட்டது. ஒவ்வொரு கதவும் அவர் நாராயணுக்குக் காட்டிய அதே வரிசையில் திறந்தது. சுட்ட போன் வாசம் நடைபாதை நெடுக வந்து அவர் மூக்கில் ஏறியது. ஐந்து. ஆறு. கிணற்றடித் தொட்டி. ஏழு.

நின்றுவிட்டது.

வளவின் நடுவில், வெயிலில், ஒன்றும் இல்லாத இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே ஒருமுறை குதித்தது. தூணில் முட்டியது. திரும்பியது. அண்டாவுக்குள் மூச்சு அடங்கியிருந்தது. இடுக்கில் தெரிந்த இரண்டு விரலில் ஒன்று மெல்ல நிமிர்ந்து, பேசாதீக என்பது போல அவரைப் பார்த்து அசைந்தது.

ஆசைத்தம்பியும் மூச்சை அடக்கியிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே ரோட்டில் ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் அவருக்குத் தன் நினைவு வந்தது. பட்டப்பகலில், ஒரு போன் விளையாட்டுக்குப் பயந்து, பெண்டாட்டி பேச்சைக் கேட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று உறைத்ததும், உச்சந்தலை வரை வெட்கம் ஏறியது. வெட்கம் அவரிடம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

காலைத் தூக்கி அண்டாவை உதைத்தார். கொட்டாங்கச்சி தெறித்தது. அண்டா புரண்டு கணகணவென்று கோயில் மணி மாதிரி வீடு முழுக்க அதிர்ந்தது.

"எந்திரிடி! யாரு வந்திருக்கா? எங்கே, எனக்குக் காட்டு!"

அவள் கத்தவில்லை. அழவில்லை. கையைப் பிடித்து இழுத்த இழுப்புக்கு வந்தாள். நிலைப்படியில் ஒருமுறை மட்டும் காலை ஊன்றிப் பார்த்தாள். முடியவில்லை. வளவின் நடுவில், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் சட்டைப் பையில் போன் நெஞ்சைச் சுட்டது.

"பாரு. நல்லாப் பாரு. யாருடி இருக்கா?"

காளியம்மாள் அவரைத்தான் பார்த்தாள்.

"நீங்கதாங்க" என்றாள்.

கால் சத்தம் வந்தது.

நேராக வந்தது. முட்டவில்லை. குதிக்கவில்லை.

அவள் கழுத்தில் விரல் பதிந்து குழி விழுந்தது. ஒரு பக்கம் ஐந்து. ஒரு பக்கம் நாலரை. ஆசைத்தம்பியின் இரண்டு கையும் அவர் விலாவோடு தொங்கிக்கொண்டிருந்தன; அவர் குனிந்து பார்த்தார். அவள் குதிகால் தரையை விட்டு எழும்பியது. நுனிவிரல் கல்லில் தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை. ஹக். கழுத்தில் ஏதோ முறிந்தது, சுள்ளி மாதிரி. அவள் கீழே விழுந்தாள். தலை முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது.



ஓர் ஈ வந்து கண்ணில் உட்கார்ந்தது. கண் மூடவில்லை.

ஆசைத்தம்பி "ஏ காளி" என்றார்.

எழுந்தாள்.

கையை ஊன்றி எழவில்லை. படுத்திருந்தவள் நின்றிருந்தாள். அவ்வளவுதான். தலை அப்படியே பின்னால் திரும்பியிருக்க, முதுகை வளைத்துக்கொண்டு, பதினைந்து வயதுக்காரி மாதிரிச் சத்தமில்லாமல் நெல் அறைக்கு ஓடினாள். ஓடும்போது முகம் அவரைப் பார்த்தபடி போனது. கதவு சாத்திக்கொண்டது. முகப்பில் நாதாங்கி கழன்றது. கால் சத்தம். குதிர். ஹக்.

வெளியே வந்தாள். மாடிப்படிக்கு அடியில் போனாள்.

நாதாங்கி. கால் சத்தம். இந்த முறை ஒரு ஆள் இல்லை. இரண்டு. மூன்று.

ஹக்.

ஆசைத்தம்பி பின்வாசல் வழியாக வெளியே வந்தார். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.  மரக்கதவுக்கு அந்தப் பக்கம், ஆத்தங்குடிக் கல்லில், இருபது முப்பது வெறுங்கால்கள் ஓடின. அதற்கெல்லாம் முன்னால் ஒரு கிழவியின் கால் ஓடியது.

"நடிக்கிறா" என்றார்.

தெருவில் யாரும் இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். பின்னால் வீட்டுக்குள் ஹக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அவர் திரும்பவில்லை.

"இதை எவன் நம்புவான்" என்று வெயிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எட்டிப் போட்டு நடந்தார்.